ஏழு வீட்டுக் காமாலை

ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலை எட்டரை மணிக்கு, ஹெல்த் இன்ஸ்பெக்டர் சாரதாவின் வீட்டு வாசலில் நரேஷ் வந்து நின்றான். ஆண்டர்சன்பேட்டை கடைத்தெருவில் அவன் அப்பா நாராயணசாமி தொடங்கிய டிபன் கடையை இப்போது நடத்துபவன் அவன்தான். சட்டையின் ஒரு தோள் கிழிந்திருந்தது. முந்தின நாள் சாயங்காலம் நாலைந்து பேர் வந்து கடையின் தண்ணீர் டிரம்மைத் தெருவில் உருட்டி உடைத்துவிட்டார்களாம். தடுக்கப் போனபோது கிழிந்தது.

ஊரில் ஏழு வீடுகளில் மஞ்சள் காமாலை. ஏழில் ஒருவர், ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி ராஜ்குமார், பத்து நாள் முன்பு கோலார் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். மே மாதம் குடிநீர்க் குழாய் உடைந்ததிலிருந்து நரேஷ் டேங்கர் தண்ணீர் வாங்கிப் பயன்படுத்துகிறான். அந்தத் தண்ணீர்தான் காரணம் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. இன்று நாலு மணிக்குள் கடையை நிரந்தரமாக மூடாவிட்டால் தாங்களே வந்து பூட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கூட்டத்துக்கு முன்னால் நின்றவள் இறந்தவரின் மகள் வாணி.

"எங்க அப்பாவும் அதே தண்ணியத்தான் குடிக்கிறாரு, மேடம். என் பொண்டாட்டி, கொழந்த, எல்லாரும். அவருக்குச் சக்கர இருக்குது, மத்தபடி இன்னா கொறை? ஸ்கூல் பசங்க தெனம் நூறு பேர் வந்து துன்னுட்டுப் போறாங்க. ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஆவல," என்றான் நரேஷ்.

சாரதா கடைசி வாக்கியத்தை மறுபடி சொல்லச் சொன்னாள். பிறகு டிரைவர் வாசுவுக்குப் போன் செய்து ஜீப்பைக் கொண்டுவரச் சொன்னாள்.

வாசு அலுவலக ஜீப்பை ஓட்டுபவன். வயது நாற்பதைத் தாண்டியும் துப்பு என்றால் சின்னப் பிள்ளைபோல் பரபரப்பவன். வண்டி ஓரியண்டல் மூலையைத் தாண்டுவதற்குள் அவனிடம் விடை தயாராக இருந்தது. டேங்கர்காரன் தங்கச் சுரங்கக் கழிவான சயனைடு மண்மேட்டுப் பக்கத்துக் குழியிலிருந்து தண்ணீர் எடுக்கிறான் என்பது அவன் கட்சி. மண்மேட்டு விஷம் என்றால் ஏன் பிள்ளைகளை விட்டுவிட்டது என்று சாரதா கேட்டாள். வாசு கியர் மாற்றினான்.

முதலில் வாணியின் வீடு. பெங்களூரில் வேலை, விடியற்காலை ரயிலில் போய் இரவு திரும்புகிறவள். அப்பா படுத்ததிலிருந்து லீவில் இருந்தாள். சாரதாவை உட்காரச் சொன்னாள், ஆனால் தான் நின்றுகொண்டே பேசினாள். அப்பா தினமும் நாராயணசாமி கடையில்தான் காலை டிபன் சாப்பிட்டார். இதற்கு மேல் என்ன விசாரணை என்று கேட்டாள்.

சாரதா ஆஸ்பத்திரி ஃபைலைக் கேட்டு வாங்கினாள். மூன்றாவது தாளில் அவள் கண் நின்றது. ஃபைலை மூடிவிட்டு, சம்பந்தமே இல்லாததுபோல் சில கேள்விகள் கேட்டாள். அப்பா சமீபத்தில் பல் பிடுங்கினாரா? கடையில் போய் சவரம் செய்துகொண்டாரா? யாரிடமாவது ஊசி போட்டுக்கொண்டாரா? ரத்தம் ஏற்றினார்களா?

எல்லாவற்றுக்கும் இல்லை என்றாள் வாணி. சவரம் வீட்டிலேயே, தன் பிளேடில். ஊசி என்றால் பயம். வெறும் மாத்திரை மட்டும்தான்.

"நாலு மணிக்கு நாங்க போவோம், மேடம். நீங்க இன்னா கண்டுபிடிச்சாலும் சரி."

அதற்குப் பிறகு மூன்று வீடுகள். எல்லோரும் நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்கள். எல்லா வீட்டிலும் அதே கேள்விகள், அதே பதில்கள். கடைசியாக நந்திதுர்க் பக்கத்துச் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் வெங்கடம்மா. மெலிந்து, கண்ணின் வெள்ளையில் இன்னும் மஞ்சள் போகாமல், கட்டிலில் சாய்ந்திருந்தாள். அவள் ஆசாரமானவள், பிறத்தியார் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள். நரேஷ் கடையின் படி ஏறியதே இல்லை. கண் மஞ்சளானது எப்போது என்று கேட்டதற்கு, ஏப்ரல் கடைசியில், பேத்தியின் பெயர் சூட்டு விழா அன்று என்றாள். அப்போது குழாய் உடையவே இல்லை. டேங்கரும் வரவில்லை.

வெளியே வந்ததும் வாசு உற்சாகமாகிவிட்டான். நரேஷ் நிரபராதி என்பது நிரூபணமாகிவிட்டதே என்றான். ஒரு ஆளுக்கு மட்டும் அப்படி என்று ஊர் சொல்லும், காரணம் இன்னும் கிடைக்கவில்லை என்றாள் சாரதா.

வாசு ஜீப்பைக் கிளப்பினான். "இன்னா ஊரு மேடம் இது. அஞ்சு வீட்டுல டீ குடுத்தாங்க. ஒரு வீட்டு டீயிலகூட சக்கர இல்ல. வாயெல்லாம் கசக்குது."

"வண்டிய நிறுத்துங்க, வாசு."

அவள் இறங்கி மறுபடி வெங்கடம்மாவின் கட்டிலருகே போனாள். சர்க்கரை வியாதி எத்தனை வருஷமாக என்று கேட்டாள். எட்டு வருஷம். எங்கே பரிசோதிப்பீர்கள்?

வெங்கடம்மாவின் முகம் மலர்ந்தது. ஜாயம்மா செய்கிற இலவச முகாமில். ஜனவரியிலிருந்து ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு, ஓய்வூதியர் சங்கக் கூடத்தில். காசு வாங்காத மகராசி. அவளே சொன்னாள்: "இவத்தும் உண்டம்மா, இன்னிக்கும் அந்த ஞாயிறுதான். என்னால எழுந்து போக முடியல, அவ்வளவுதான்."

மணி பதினொன்று இருபது. முகாம் பதினொன்றுக்கே தொடங்கியிருக்கும்.

ஜீப்பில் ஏறும்போதே சாரதா மற்ற மூன்று வீடுகளுக்கும் வாணிக்கும் போன் போட்டாள். கேட்டது ஒரே கேள்வி, ஜாயம்மா முகாமுக்குப் போனதுண்டா என்று. நாலு பேரும் ஆமாம் என்றார்கள். வாணியை உடனே சங்கக் கூடத்துக்கு வரச் சொன்னாள். ரயில்வே கேட் மூடியிருந்தது. மாரிக்குப்பம் வண்டி கண்ணுக்கே தெரியவில்லை. வாசு ஸ்டீயரிங்கில் விரலால் தட்டிக்கொண்டே, ஜாயம்மா எதற்காக விஷம் வைக்கவேண்டும் என்று கேட்டான்.

"யாரும் விஷம் வைக்கல. ராஜ்குமார் ஃபைல்ல ஹெபடைடிஸ் பி-ன்னு எழுதியிருக்கு. தண்ணியில வர்ற காமாலை வேற. அது வந்தா மொதல்ல கொழந்தைங்களதான் புடிக்கும். இது ரத்தத்துல வர்றது. பல்லு, பிளேடு, ஊசி எதுவும் இல்லன்னாங்க. விரல் நுனியில ஒரு பொட்டு குத்துறத யாரும் ஊசின்னு நெனைக்கமாட்டாங்க."

கேட் திறப்பதற்குள் ஏழு நிமிஷம் போய்விட்டது.

கூடத்தில் நாற்பது பேர் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் மேசை, வெள்ளைத் துணி, சுத்தமான பஞ்சு. ஜாய் அறுபது வயதுக்காரி. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வார்டு ஆயாவாக இருந்து ஓய்வுபெற்றவள். நாராயணசாமி அப்போதுதான் விரலில் பஞ்சை அழுத்திக்கொண்டு எழுந்தார். அவர் இடத்தில் ரோஜா என்ற பெண் உட்கார்ந்தாள். ஏழு மாத கர்ப்பிணி. கர்ப்பத்தில் சர்க்கரை ஏறியிருப்பதாக டாக்டர் சொல்லியிருந்தார். ஜாய் அவள் விரலைப் பிடித்து, பேனா போன்ற குத்துக் கருவியை நுனியில் வைத்தாள்.

"ஜாயம்மா, அத எடுத்துடுங்க."

சாரதா சத்தம் போடவில்லை. ஆனால் அவள் கை ஏற்கெனவே ரோஜாவின் விரலை மூடியிருந்தது.

என்ன தப்பு என்று ஜாய் கேட்டாள். அவள் குரலில் பயம் இல்லை, குழப்பம்தான் இருந்தது. ஒவ்வொருவருக்கும் புது ஊசி. அதில் அவள் ஒருநாளும் குறை வைத்ததில்லை. பயன்படுத்திய ஊசிகளைப் போட்ட டப்பாவை எடுத்துக் காட்டினாள். அன்று பத்து பேருக்குப் பார்த்திருந்தாள். டப்பாவில் பத்து ஊசிகள். அவள் பொய் சொல்லவில்லை என்று பெஞ்சிலிருந்த எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். அதற்குள் வாணி வந்து கதவருகே நின்றாள். அப்பாவை அழைத்துப்போக வந்திருந்த நரேஷும் நின்றான். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

"ஊசிய மாத்தினீங்க. இந்த மூடிய மாத்தினீங்களா?"

ஜாய் குனிந்து அந்த மூடியைப் பார்த்தாள். சாரதா பேனாவின் முனையில் இருந்த சின்ன மூடியைத் திருகிக் கழற்றினாள். ஈரப் பஞ்சைக் குச்சியில் சுற்றி அதன் உட்புறத்தைத் துடைத்து, வெள்ளைத் துணியின்மேல் வைத்தாள். பஞ்சு துரு நிறத்தில் இருந்தது.

"ஒருத்தர் விரல்ல இந்த மூடி பதியுது. ரத்தம் உள்ள ஒட்டுது. அடுத்தவர் விரல்லயும் அதே மூடிதான் பதியுது, அங்க அப்பத்தான் புதுசா ஒரு ஓட்டை விழுது. கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் போதும். இந்தப் பேனா வீட்ல ஒருத்தர் மட்டும் வெச்சுக்கறதுக்குச் செஞ்சது. முகாமுக்கு வேற இருக்கு. ஒரு தடவை குத்தினா தானா பூட்டிக்கும், தூக்கிப் போட்டுடணும்."

இந்தக் கிருமி உள்ளே போனால் வெளியே தெரிய ரெண்டு மாசத்திலிருந்து அஞ்சு மாசம் ஆகும் என்பதையும் அவள் விளக்கினாள். ஜனவரியில் முகாம், ஏப்ரல் கடைசியில் முதல் காமாலை. சர்க்கரை தொற்றும் வியாதி இல்லை. ஆனால் சர்க்கரைக்காரர்களை ஒரே மேசைக்கு வரவழைத்தது அதுதான். அந்த மேசையில் இன்னொரு வியாதி கைமாறியது. நரேஷின் தண்ணீருக்கும் சாப்பாட்டுக்கும் இதில் பங்கே இல்லை.

ஜாய் மெதுவாக உட்கார்ந்தாள். அவள் கணவர் சர்க்கரையில் கால் இழந்து, பிறகு உயிரும் இழந்தவர். வேறு எந்த வீட்டிலும் அப்படி நடக்கக் கூடாது என்றுதான் அவள் இதை ஆரம்பித்தாள். "ராஜ்குமார் அண்ணன் வெரல இந்தக் கையிலதான் புடிச்சேன்," என்றாள்.

சாரதா முகாம் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு ஞாயிறும் பெயர்கள் வரிசைப்படி எழுதப்பட்டிருந்தன. ஏழு பெயர்களையும் விரலால் தேடினாள். ஏழு பேரும் எப்போதும் ஒரே பெயருக்குப் பிறகே வந்திருந்தார்கள். அந்தப் பெயருக்கு முன்னால் நின்ற ஒருவருக்கும் காமாலை இல்லை. அவள் நோட்டை மூடித் தன் பைக்குள் வைத்தாள்.

வாணி முன்னால் வந்தாள். "யாரோட ரத்தம் அது? அது தெரியணும் எனக்கு."

"தெரிஞ்சாலும் சொல்லமாட்டேன், வாணி. அந்த ஆளுக்கே தெரியாது. வருஷக்கணக்கா உள்ள இருந்தாலும் சில பேருக்கு ஒண்ணுமே காட்டாது. அவங்க யாருக்கும் கெடுதல் செய்யல. விரல நீட்டினாங்க, உங்க அப்பா நீட்டின மாதிரியே."

வாணி வெகுநேரம் அந்தத் துரு நிறப் பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போனை எடுத்து வெளியே போனாள். நாலு மணிக்கு யாரும் வரவேண்டாம் என்று அவள் சொல்வது உள்ளேவரை கேட்டது. நரேஷ் சுவரில் சாய்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

அடுத்த பத்து நாட்கள் சாரதாவுக்கு உட்கார நேரமில்லை. நோட்டில் இருந்த எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை. வீடு வீடாகப் போய் அழைத்துவந்தவள் ஜாய்தான்; கதவைச் சாத்தியவர்களிடமும் திரும்பத் திரும்பப் போனாள். நோய் இல்லாதவர்களுக்கு மூன்று தவணைத் தடுப்பூசியில் முதல் ஊசி போடப்பட்டது. காமாலைக்காரர்கள் பெரும்பாலும் தாமாகவே தேறிவிடுவார்கள், ஆனால் இலைச் சாற்றை நம்பி டாக்டரிடம் போகாமல் இருக்கக்கூடாது என்று சாரதா ஒவ்வொரு வீட்டிலும் சொன்னாள். ரோஜாவின் ரத்தத்தில் எதுவும் இல்லை. முகாமும் நிற்கவில்லை, பூட்டிக்கொள்ளும் ஊசிகளோடு அரசு நர்ஸ் ஒருத்தி வந்தாள்.

பதினோராம் நாள் சாரதா வாசுவை ஜீப்பிலேயே இருக்கச் சொல்லிவிட்டுத் தனியாக நரேஷின் வீட்டுக்குள் போனாள். நோட்டில் அந்த ஏழு பேருக்கும் முன்னால் இருந்த பெயர் நாராயணசாமி. அவர் ரத்தத்தில் இருந்த கிருமி புதிதல்ல, பல வருஷத்துப் பழையது. எப்போதோ சரியாகக் கொதிக்கவைக்காத ஒரு ஊசியில் வந்திருக்கலாம், பிறக்கும்போதே வந்திருக்கலாம். டாக்டர் ஈரலைப் பார்த்துவிட்டுத் தேவையென்றால் மாத்திரை தருவார், வீட்டில் எல்லோரும் பரிசோதித்துத் தடுப்பூசி போட்டுக்கொள்ளவேண்டும் என்றாள்.

நரேஷ் அப்பாவைத் திரும்பிப் பார்த்தான். ஊர் சொன்னது கடைசியில் உண்மைதானா என்று மட்டும் கேட்டான்.

"இல்ல. சேந்து சாப்பிட்டா வராது, தொட்டா வராது. இவரு அடுப்பண்ட நிக்கலாம், கொழந்தயத் தூக்கலாம். வந்தது அந்த மூடியால."

நாராயணசாமி தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ராஜ்குமார் எப்பவும் எனக்கு அடுத்துதான் நிப்பான்மா. பேசிக்கிட்டே நிப்போம்."

இது தன்னையும் டாக்டரையும் இந்த வீட்டையும் தாண்டிப் போகாது, யாரிடமும் சொல்லவேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை என்று சாரதா இரண்டு முறை சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார். பிறகு கொடியில் கிடந்த சட்டையை எடுத்துப் போட்டு, பொத்தான்களை நிதானமாக மாட்டினார். வாணி இன்றைக்கு வீட்டில் இருப்பாளா என்று மகனைக் கேட்டார். நரேஷ் அவர் கையைப் பிடித்தான். அவர் மெல்ல விடுவித்துக்கொண்டார்.

சாரதா அவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டாள். வாணியின் தெரு முனையில் அவர் இறங்கினார். கூட வரவேண்டாம் என்றார். வாசு எஞ்சினை அணைத்தான்.

கதவைத் திறந்த வாணி, வாசற்படியிலேயே நின்று கேட்டாள். நாராயணசாமி கைகளைக் கட்டிக்கொண்டு தலை குனிந்து பேசினார். பேசி முடித்த பிறகும் அவர் நகரவில்லை. வாணியின் ஒரு கை கதவின்மேல் இருந்தது. சாரதா ஜீப்பின் கதவுப்பிடியை இறுகப் பிடித்திருந்தாள்.

கடைசியில் வாணி ஏதோ ஒரு வார்த்தை சொன்னாள். இங்கே கேட்கவில்லை. பிறகு அவள் கதவிலிருந்து கையை எடுத்து, பக்கவாட்டில் நகர்ந்து, அவர் உள்ளே போக வழி விட்டாள்.