கல் இல்லாத ஊரில் கலயெத்

ராஜாத்தி இப்போது இல்லை. அவள் சொன்னால் இந்தக் கதை இன்னும் சிரிப்பாக இருக்கும். எனக்கு அவ்வளவு சிரிப்பு வராது. என்றாலும் எனக்குத் தெரிந்த மாதிரி சொல்கிறேன்.

அப்போது நாங்கள் ஐந்தாம் வகுப்பு. திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் ஒரு மிஷன் பள்ளிக்கூடம். குணசீலி டீச்சர் ஒரு நாள் ஆளுக்கொரு வேதாகம ஊரின் பெயரைச் சொன்னார். அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம், அங்கே என்ன நடந்தது என்று படித்துவிட்டுத் திங்கட்கிழமை சொல்ல வேண்டும். நன்றாகச் சொன்னால் வண்ணப்படம் பரிசு.

எனக்குப் பெத்லகேம் கிடைத்தது. சுலபம். அப்பத்தின் வீடு என்று எல்லாருக்கும் தெரியும்.

ராஜாத்திக்குக் கிடைத்தது கலயெத்.

"இது ஊரா டீச்சர், கஷாயமா?" என்று கேட்டாள்.

வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்துவிட்டு, "ஆதியாகமத்துல இருக்கு. தேடிப் படி" என்று சொல்லிப் புத்தகத்தைக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது ராஜாத்தி நடந்துகொண்டே படித்தாள். எங்கள் வீட்டு வயலுக்கும் அவள் வீட்டு வயலுக்கும் நடுவில் இருந்த வரப்புதான் எங்களுக்குப் பள்ளிக்கூட வழி. போன வருஷம் அதில் இரண்டு பேரும் கைகோத்து நடப்போம். இந்த வருஷம் ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடிந்தது. வரப்பு அவ்வளவு ஒல்லியாகிவிட்டது.

"எபிரெய மொழியில கலயெத்னா சாட்சிக் குவியல்னு அர்த்தமாம்" என்றாள். "யாக்கோபுக்கும் அவன் மாமனாருக்கும் சண்டை. ரெண்டு பக்கத்து ஆளும் சேர்ந்து கல்லைக் குவிச்சாங்களாம். 'சண்டைக்குன்னு இதைத் தாண்டி நான் வரமாட்டேன், நீயும் வராதே. இந்தக் குவியலே சாட்சி'ன்னு பேசிக்கிட்டாங்களாம். அந்தக் குவியல் மேலயே உட்கார்ந்து சாப்பிட்டாங்களாம்."

"என்ன சாப்பிட்டாங்க?"

"அதை எழுதலடி."

"நம்ம ஊரா இருந்தா சண்டை தீர்ந்தே இருக்காது" என்றேன். "இங்க காக்கா விரட்டக்கூடக் கல்லு கிடைக்காதே!"

மறுநாள் வெள்ளிக்கிழமை. விடிந்ததும் எங்கள் அப்பா துரைராசு வயலிலிருந்து கத்திக்கொண்டே வந்தார். இரவில் வரப்பு உடைந்திருந்தது. ராஜாத்தி வீட்டு வயல் மேடு. எங்களுடையது பள்ளம். அங்கிருந்த தண்ணீரெல்லாம் இறங்கி, புதிதாக நட்ட எங்கள் பயிர் முழுகிக் கிடந்தது.

"அந்த ஆளுதான் வெட்டி விட்டிருக்கான்" என்றார் அப்பா.

ராஜாத்தியின் அப்பா நாகநாதன் மாமா வேறு மாதிரி சொன்னார். "என் தண்ணியத் திருடுறதுக்கு அவன்தான் வெட்டியிருக்கான்!"

முன்பென்றால் இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் சந்தைக்குப் போவார்கள். அது குத்தகைக்காரர்களைப் பதிவு செய்கிற காலம். தாசில்தார் ஆபீசிலிருந்து சர்வேயர் வருவார், வரப்பு இருக்கும் இடத்தைத்தான் எல்லையாக எழுதுவார் என்று ஊரில் ஒரு பேச்சு. அதிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சே நின்றுவிட்டது. இவர் வீட்டு வாசலில் ஒரு கட்சிக் கொடி, அவர் வீட்டு வாசலில் வேறொரு கட்சிக் கொடி.

"நாளைக்கு மத்தியானம் ஆளோட வர்றேன்" என்றார் மாமா.

"வா, என்கிட்டயும் ஆள் இருக்கு" என்றார் அப்பா.

அந்த வருஷம் அக்கம்பக்கத்து ஊர்களில் வரப்புத் தகராறில் மண்டை உடைந்து ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உண்டு. அம்மா அன்று சாப்பிடவே இல்லை. "இனிமே அந்த வீட்டுப் பொண்ணோட பேசாதே" என்று அப்பா என்னிடம் சொன்னார்.

சனிக்கிழமை காலையில், பேசிவைக்காமலே, நானும் ராஜாத்தியும் உடைந்த வரப்பில் வந்து நின்றோம்.

"எங்க அப்பா வெட்டலடி" என்றேன்.

"எங்க அப்பாவும் வெட்டல. அவரு ராத்திரி பூரா குறட்டை விட்டாரு. நான் தூங்கவே இல்ல."

உடைப்பை அடைப்போம் என்று சேற்றை அள்ளினோம். என் பக்கத்திலிருந்து நான், அவள் பக்கத்திலிருந்து அவள். திடீரென்று ராஜாத்தி, "ஐயோ!" என்று கையை உதறினாள். விரலில் ஒரு வயல் நண்டு தொங்கியது.

நண்டு வந்த இடத்தைப் பார்த்தோம். உடைப்புக்குள் வளை. அங்கிருந்துதான் வரப்பு அறுத்துக்கொண்டு போயிருந்தது.

"திருடன் கிடைச்சான்!" என்று கோரைப் புல்லால் நண்டின் காலைக் கட்டினாள். உடனே அவள் முகம் மாறியது. "நண்டு எல்லா வருஷமும்தான் வளை போடுது. இந்த வருஷம் மட்டும் ஏன் வரப்பு உடைஞ்சுது?"

இருவருக்கும் பதில் தெரியும். நடவுக்கு முன்னால் அவரவர் பக்கத்து வரப்பை மண்வெட்டியால் செதுக்கிச் சேறு பூசுவார்கள். இந்தத் தடவை, சர்வேயர் வருவதற்குள் தன் வயல் கொஞ்சம் அகலமாகட்டும் என்று, மாமா ஆழமாகவே செதுக்கினார். எங்கள் அப்பாவும்தான்.

"உங்க அப்பா செதுக்கினதை நான் சொல்லிடறேன்" என்றேன்.

"நீ சொன்னா எங்க அப்பா நம்பமாட்டாரு. சண்டைதான் பெருசாகும்." கொஞ்சம் யோசித்தாள். "எங்க அப்பாவை நான் சொல்றேன். உங்க அப்பாவை நீ சொல்லு."

சரி என்றேன்.

மத்தியானம் நாங்கள் சாப்பாட்டுத் தூக்குகளோடு வந்தபோது இரண்டு அப்பாக்களும் மண்வெட்டியோடு எதிரெதிரே நின்றார்கள். பின்னால் ஆட்கள். நடுவில் நாங்கள் குவித்த சேற்று மேடு, அதன் மேல் கட்டிப்போட்ட நண்டு.

"யாரு அடைச்சது இதை?" என்றார் மாமா.

"நாங்கதான்" என்றாள் ராஜாத்தி. "உடைச்சது இவன்தான்." நண்டைக் காட்டினாள்.

"ஒரு நண்டு வரப்பை உடைச்சிருமா?" என்று அப்பா உறுமினார்.

"வரப்பு வரப்பா இருந்தா உடைக்காது மாமா." அவள் தன் அப்பாவைப் பார்த்தாள். "அப்பா, நீங்க நடவுக்கு முன்னாடி பாதி வரப்பைச் செதுக்கிட்டீங்க. நான் பார்த்தேன்."

நாகநாதன் மாமாவின் முகம் கறுத்தது. எங்கள் அப்பா மீசைக்குள் சிரித்தார்.

இப்போது என் முறை. "மீதிப் பாதியை நீங்க செதுக்கினீங்கப்பா" என்றேன். "நானும் பார்த்தேன்."

சிரிப்பு நின்றுவிட்டது. மாமாவோடு வந்திருந்த காயாரோகணம்தான் முதலில் வாய் திறந்தார். "நல்ல கூட்டு வேலைய்யா! இன்னும் ஒரு போகம் போனா ரெண்டு வயலும் ஒண்ணாயிரும். சர்வேயருக்கு வேலை மிச்சம்."

ஆட்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். இரண்டு அப்பாக்களும் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நண்டைப் பார்த்தார்கள்.

ராஜாத்தி இரண்டு தூக்குகளையும் மேட்டின் மேல் வைத்தாள். "சாப்பிட்டுட்டுச் சண்டை போடுங்க. ஆறிடும்."

இரண்டு பேரும் அந்த மேட்டிலேயே உட்கார்ந்தார்கள். மாமா ஒரு வாய் சாப்பிட்டார். நிறுத்தினார். தூக்கைத் திருப்பிப் பார்த்தார். "இந்தக் கருவாட்டுக் குழம்பு நம்ம வீட்டுது இல்லையே?"

அதற்குள் எங்கள் அப்பா அவர்கள் வீட்டுச் சோற்றில் பாதியை முடித்திருந்தார். ராஜாத்தி வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மாத்திக் கொடுத்திடவா, அண்ணே?" என்று கேட்டார் அப்பா. அவர் வாயிலிருந்து 'அண்ணே' வந்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

"இருக்கட்டும் துரைராசு. உங்க வீட்டுல புளி நல்லா கரைக்கிறாங்க."

சாப்பிட்டதும் மாமா தன் வயலிலிருந்து ஒரு வெட்டு மண்ணை எடுத்து வரப்பில் போட்டார். அப்பா தன் பக்கத்திலிருந்து ஒரு வெட்டு போட்டார். பொழுது சாயும்போது வரப்பு பழைய அகலத்துக்கு வந்திருந்தது. நண்டை அவிழ்த்து வாய்க்காலில் விட்டோம்.

திங்கட்கிழமை நாங்கள் கைகோத்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனோம். ராஜாத்தி எழுந்து கலயெத்தின் கதையைச் சொன்னாள். டீச்சர் வண்ணப்படத்தை எடுத்துக்கொண்டே கேட்டார். "அந்தக் குவியல் மேல உட்கார்ந்து என்ன சாப்பிட்டிருப்பாங்க, சொல்லு பார்ப்போம்?"

"அது புத்தகத்துல இல்ல டீச்சர்" என்றாள் ராஜாத்தி. "எங்க ஊர்ல கருவாட்டுக் குழம்பு."