அடிமுகம்

நேற்று மூடியிருந்த கண் இன்று திறந்திருந்தது.

அவள் விளக்கின் கழுத்தை வளைத்து, வெளிச்சம் காசின் மேல் நேராக விழாமல் பக்கவாட்டில் உரசிக்கொண்டு போகும்படி தாழ்த்தினாள். ராஜாவின் தாடிக்குள், தாடிக் கோடுகளுக்குக் குறுக்கே, இன்னொரு முகம் கிடந்தது. பெண் முகம். அதன் கண்தான் அவளைப் பார்த்தது. அட்டையிலோ, அவள் பெயரின் முதலெழுத்துகளோடு, தெளிவாக இருந்தது: எண் 212. அடிமுகம் பெண். கண் மூடியது. எடை 8.14 கிராம். காசைத் தராசில் வைத்தாள். 8.14. எடையில் மாற்றமில்லை.

தோற்றவனின் காசை உருக்கக்கூட ஜெயித்தவன் மெனக்கெட மாட்டான். அதைச் சூடாக்கி, தன் மூஞ்சி வெட்டிய அச்சை மேலே வைத்து ஒரே போடு. அடியில் இருந்த முகம் நசுங்கும், ஆனால் முழுசாகச் சாகாது. சாய்ந்த வெளிச்சத்தில் ஒரு காதோ பாதி உதடோ எழுந்து வரும். அருங்காட்சியகத்தின் நிலவறையில், ஜன்னல் இல்லாத இந்த அறையில், ஈரச் சுண்ணாம்பும் பழைய காகிதமும் செம்புக் களிம்பும் கலந்த நாற்றத்தில் முதுகை வளைத்து, நானூற்று ஆறு காசுகளின் அடிமுகங்களைக் கண்டுபிடித்து அட்டை எழுதுவதுதான் மூன்று வருடமாக அவள் பிழைப்பு. தற்காலிக வேலை.

அந்த அட்டைகள் புத்தகமாகப் போகின்றன. காலையில் அச்சகத்திலிருந்து முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் வந்திருந்தன. தொகுத்தவர் என்ற இடத்தில் அருங்காட்சியக அதிகாரியின் பெயர். அவர் பெயர் மட்டும். கடைசிப் பக்கத்து நன்றிப் பட்டியலில், மேஜை பழுது பார்த்த தச்சருக்கும் கீழே, அவள் பெயர்: தட்டச்சு உதவி.

அந்தத் தாள்களோடு மாடியேறிப் போனாள்.

"நன்றியில உன் பேரு இருக்கே, பாக்கலையா?" என்றார் அதிகாரி.

"தட்டச்சு உதவின்னு இருக்கு சார். நீங்க ஒரு காசையாவது கையில எடுத்துப் பாத்திருக்கீங்களா?"

"நாளைக்கு அச்சுக்குப் போகுது. இப்ப வந்து மூஞ்சியத் தூக்காதம்மா. உன்ன நிரந்தரமாக்குற ஃபைல் என் மேஜையிலதான் கெடக்கு, ஞாபகம் இருக்கட்டும்."

அவள் தாள்களை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தாள். எரிச்சலோடு உட்கார்ந்து பெட்டியைத் திறந்தபோதுதான் அந்தக் கண்.

அப்புறம் அந்தச் சத்தம். டிக், டிக். டங்.

அந்தச் சத்தம் அவளுக்குப் புதிதல்ல. அவள் அப்பா கொல்லுப் பட்டறையில் சம்மட்டி அடித்தவர். எங்கே அடிக்க வேண்டும் என்று கொல்லர் சின்னச் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டிக் காட்டுவார். அதே இடத்தில் அப்பாவின் சம்மட்டி இறங்கும். தட்டாமல் அடி விழாது. தட்டிவிட்டால் அடி விழாமல் இருக்காது.

காவலாளி தேநீரோடு வந்தார். "என்ன தராசம்மா, இன்னிக்கு எத்தன ராஜாவ நிறுத்தீங்க?"

"மாடியில யாருண்ணே சுத்தியல் வெச்சு அடிக்கிறது?"

"மாடியிலயா?" அவர் தரையைப் பார்த்தார். "சத்தம் உங்களுக்குக் கீழேருந்துல்ல வருது."

"கீழ ஒண்ணும் கெடையாதே."

"அதாம்மா எனக்கும் புரியல." டம்ளரை வைத்துவிட்டு, எப்போதும் போல நின்று கதை பேசாமல், வேகமாகப் போய்விட்டார்.

அவள் அட்டையை மறுபடி எடுத்தாள். கைப்பழக்கத்தில் அதையும் சாய்ந்த வெளிச்சத்தில் பிடித்தாள். பிடித்திருக்கக் கூடாது.

காகிதத்தில் பள்ளங்கள் தெரிந்தன. பழைய பென்சிலின் தடம்.

இந்த வேலையைத் தொடங்கியவள் அவளல்ல. அவளுக்கு முன்னால் பதினோரு வருடம் இதே நாற்காலியில் ஒருத்தி இருந்தாள். எல்லோரும் பெரியக்கா என்பார்கள். முதல் இருநூற்றுப் பன்னிரண்டு அட்டைகளும் பெரியக்கா எழுதியவை. கடைசி அட்டையோடு, இந்த மேஜையிலேயே தலை சாய்ந்து செத்துப்போனாள். வேலைக்குச் சேர்ந்த வாரமே இவள் சவர பிளேடால் ஒவ்வொரு அட்டையிலும் அந்தப் பெயரின் இரண்டு முதலெழுத்துகளைச் சுரண்டிவிட்டு, மேலே தன் எழுத்துகளை மையில் அழுத்தி எழுதினாள். செத்தவளுக்கு என்ன நஷ்டம் என்று அன்றைக்குத் தோன்றியது. யாரிடமும் சொன்னதில்லை.

அவள் சுரண்டியது இரண்டே எழுத்து. இப்போது அங்கே ஒரு வரி இருந்தது.

என் மேல் எழுதாதே.

டிக், டிக். டங். மேஜை அதிர்ந்தது. தேநீர் தளும்பியது.

பயப்பட வேண்டியவளுக்குக் கோபம்தான் வந்தது. மாடியில் இருக்கும் அந்த ஆளை விட்டுவிட்டு என்னிடமா? பதினோரு வருடம் உழைத்தாயே, யார் உனக்கு என்ன கொடுத்தார்கள்? முதல் பக்கத்தை இழுத்துப் போட்டாள். அதிகாரியின் பெயரை பிளேடால் சுரண்டினாள். நார் நாராக வந்தது. பெரியக்காவின் பெயரையும் சேர்த்து எழுதலாம். ஒரு மூச்சு நேரம் பேனா காற்றில் நின்றது.

தன் பெயரை மட்டும் எழுதினாள். அழுத்தி.

சத்தம் நின்றது.

கரி வாடை. பழுத்த இரும்பின் வாடை. இடது கன்னம் சுட்டது. தொட்டுப் பார்த்தாள். கொதித்தது.

வாசலில் காவலாளி. டம்ளரை எடுக்க வந்தவர். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"பெரியக்கா? நீங்க... நீங்க எப்பக்கா உள்ள வந்தீங்க?"

"அண்ணே, நான்தான்."

அவர் படிகளில் விழுந்தடித்து ஓடும் சத்தம். பிறகு அதுவும் இல்லை.

விளக்கின் கழுத்து தானாக வளைந்தது. மெதுவாக. வெளிச்சம் அவள் முகத்தைப் பக்கவாட்டில் உரசியது.

எதிரே காசு அலமாரியின் கண்ணாடி.

அதில் அவள் முகம். கன்னத்துச் சதைக்கு அடியில் இன்னொரு காது. தாடையில் பாதி உதடு. மூக்கோரம் ஒரு கண். மூடியிருந்தது.

திறந்தது.

எழுந்திருக்கப் பார்த்தாள். இடுக்கியில் பிடித்த மாதிரி கழுத்து அசையவில்லை.

டிக்.

கன்ன எலும்பின் மேல்.

டிக்.