நாலு நிமிடம் பத்து நொடி

உயிரைவிட உயர்ந்தது உலகில் எதுவும் இல்லை. கப்பல் கம்பெனியின் அலுவலகச் சுவரில் தங்க எழுத்தில் மின்னும் இந்த வாசகத்தை மாட்டியவர் பாதுகாப்பு அதிகாரி. சக்கரம் வைத்த நாற்காலியின்மேல் ஏறி நின்று மாட்டினார்.

இன்று மதியம் அதற்கு நேர் கீழே தரை ஈரமாக இருந்தது. கிடங்குக் கதவின் அடியிலிருந்து கசிந்த நீர், அவசரமே இல்லாமல், அவருடைய மேசையை நோக்கி வந்துகொண்டிருந்தது.

"யாருய்யா தண்ணி கொட்டினது?"

"கை கழுவவே தண்ணி வரலை, இதுல கொட்ட வேறயா?" என்றார் கிடங்கு குமாஸ்தா. "மூணு மணிக்கு விசாரணைக்காரங்க வராங்க சார். பொம்மையக் காட்டச் சொல்வாங்க."

ஆள் உயரம், ஆள் எடையில் ஒரு பொம்மை. கடலில் விழுந்தவனை எப்படித் தூக்குவது என்று மாதம் ஒருமுறை அதைத் தண்ணீரில் போட்டுப் பழக வேண்டும். பதினோரு மாதமும் பழகியதாகப் பதிவேடு சொன்னது. 'நாலு நிமிடம் பத்து நொடியில் மீட்கப்பட்டது.' வெறும் நாலு என்றால் நம்ப மாட்டார்கள் என்று பத்து நொடியைச் சேர்த்தது பாதுகாப்பு அதிகாரியின் தொழில் நேர்த்தி.

பன்னிரண்டாம் மாதம் கம்பெனிக் கப்பலிலிருந்து விழுந்தவன் அவருடைய தம்பி. மேல்தளத்தில் ஆறு பேர் கயிறு எங்கே, கொக்கி எங்கே என்று அலைந்தார்கள். உடல்கூடக் கிடைக்கவில்லை. அதற்கு முந்தைய வருடம் இயந்திரத்தில் அவனுடைய நடுவிரல் பாதி போனபோது, 'சிறு கீறல்' என்று எழுதியதும் அண்ணன்தான்.

போன் அடித்தது. தம்பியின் மனைவி.

"மாமா, பயிற்சியெல்லாம் நடந்துச்சான்னு என்னையும் கேட்டாங்க. எங்க மாமா இருக்கும்போது நடக்காம இருக்குமான்னு சொல்லிட்டேன்."

"சரிம்மா."

"நாலு நிமிஷம் மிதந்தாப் போதும், அண்ணன் ஆளுங்க தூக்கிடுவாங்கன்னு அவரு சொல்லிக்கிட்டே இருப்பாரு. மிதந்திருப்பாருல்ல மாமா?"

அவர் போனை வைத்தார். குடிதண்ணீர்க் கேனிலிருந்து வாளியில் பிடித்து, உப்புத்தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு கிடங்குக்குள் போனார். பொம்மையை நனைத்து, நாலு இடத்தில் தேய்த்தால் பழசாகத் தெரியும்.

உள்ளே டீசலும் அழுகிய கடற்பாசியும் கலந்து மூக்கை அடைத்தன. பழுதான கயிற்றுச் சுருள்களுக்கும் காற்றிறங்கிய மிதவைகளுக்கும் அப்பால், சன்னல் வெளிச்சம் எட்டாத மூலையிலிருந்து, பிளாஸ்டிக்கை உள்ளிருந்து யாரோ மெல்லத் தட்டுவதுபோல ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. தரை நீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்தார்.

உப்பு.

மூலையில் பொம்மை உள்ளே தெரியும் கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் நின்றிருந்தது. உறைக்குள் தண்ணீர். கழுத்துவரை. முகத்துக்கு நேரே உள்பக்கம் ஆவி படிந்தது. மறைந்தது. மறுபடி படிந்தது.

பொம்மைக்கு விரல்கள் கிடையாது. உறையின் உள்ளே ஒரு கை பதிந்தது. நாலு விரல் முழுசாக. நடுவிரல் பாதி.

"தம்பி..."

தண்ணீர் தாடையைத் தொட்டது. நகத்தால் கீறினார். கிழியவில்லை. இடுப்பைப் பிடித்துத் தூக்கினார். வழுக்கியது. எங்கே பிடிப்பது? தலையையா? அக்குளையா? தெரியவில்லை. அவர் ஒருநாளும் தூக்கிப் பார்த்ததில்லை.

"சார், வந்துட்டாங்க," என்றது குமாஸ்தாவின் குரல்.

தண்ணீர் வாயை மூடியது. மூக்கை மூடியது. கை தட்டியது. தட்டியது. நின்றது.

கதவு திறந்தது. வெளிச்சம் உள்ளே விழுந்தது. மூழ்கிய முகம் உறையோடு ஒட்டி, வாய் திறந்து, அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

உறையின் மேல்மடிப்பில் தொழிற்சாலை வைத்த சீல் இன்னும் உடைக்கப்படவில்லை.