அவசர முப்பது

அம்மாவின் சிகிச்சை அறையில் கடிகாரம் கிடையாது. முன்பு ஒன்று இருந்தது. அதையும் அம்மாவே ஆணியிலிருந்து கழற்றி உள்ளே கொண்டுபோய்விட்டாள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே காலை நீட்டுகிறவர்களுக்குக் கவனமெல்லாம் முள்ளில்தான் இருக்கும், காலில் இருக்காது என்பது அவளுடைய கட்சி.

அம்மா ஒரு பிசியோதெரபிஸ்ட். வீட்டின் முன்னறைதான் சிகிச்சை அறை. இரண்டு கட்டில்கள், கலர் கலராக ரப்பர் பட்டைகள், மெத்தென்ற ஒரு ஃபோம் திண்டு, மூலையில் சிரித்துக்கொண்டே நிற்கும் ஒரு பிளாஸ்டிக் எலும்புக்கூடு. தசை பிடித்தவர்கள், சுளுக்கிக்கொண்டவர்கள், வழுக்கி விழுந்தவர்கள் என்று யாராவது வந்துகொண்டே இருப்பார்கள்.

அந்த அறையில் விநாடிகளை எண்ணுவது மகளின் வேலை. வயது பத்து. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முக்காலியில் ஏறி உட்கார்ந்து, "ஒண்ணு... ரெண்டு..." என்று ஆரம்பிப்பாள். முப்பது வந்ததும், "முடிஞ்சது!" என்று ஒரே கத்தல். அந்தக் கத்தலால் வந்த பெயர்தான் அலாரம். அந்தப் பெயரில் அவளுக்குக் கொள்ளைப் பெருமை.

"அலாரம், கொஞ்சம் வேகமா எண்ணும்மா. உயிர் போகுது!" என்பார், தோள்பட்டை பிடித்துக்கொண்ட பஸ் டிரைவர்.

"உயிரெல்லாம் போகாது மாமா. இப்பத்தான் பதினொண்ணு," என்பாள் அலாரம், கொஞ்சமும் இரக்கமில்லாமல்.

போன மாதம் புதிதாக ஓர் அக்கா வந்தாள். தடைகளைத் தாண்டி ஓடும் பந்தயக்காரி. ஒரு தடையைத் தாண்டும்போது, இடது தொடையின் பின்பக்கத் தசை சுரீரென்று இழுத்துக்கொண்டதாம். முதல் நாள் சுவரைப் பிடித்துப் பிடித்துத்தான் உள்ளே வந்தாள்.

அம்மா மெதுவாக ஆரம்பித்தாள். மல்லாந்து படுத்து, பாதத்தில் பெல்ட்டை மாட்டி, முழங்காலை மடக்காமல் காலை மேலே தூக்க வேண்டும். இழுப்பு தெரிகிற இடத்தில் நிறுத்தி, அப்படியே முப்பது விநாடி. வெடுக்கென்று இழுக்கவே கூடாது. அப்புறம் அதே காலால் ஃபோம் திண்டின் மேல் முப்பது விநாடி நிற்க வேண்டும். தசை நன்றாக நீண்டால் மட்டும் போதாது. தடையைத் தாண்டி ஒற்றைக் காலில் வந்து இறங்கும்போது உடம்பு தள்ளாடாமல் நிற்கவும் வேண்டும்.

அக்கா என்றால் அலாரத்துக்கு உயிர். சின்னப் பெண்தானே என்று நினைக்காமல் எல்லாவற்றையும் அவளிடம் சொல்வாள். எந்தப் பந்தயத்தில் வயிற்றைக் கலக்கியது, எந்தத் தடையைப் பார்த்தால் இன்னும் பயம் என்பது வரைக்கும்.

மூன்று வாரத்தில் அம்மாவின் நோட்டில், இடது காலுக்கு நேராக முப்பது, முப்பது, முப்பது என்று வரிசையாக ஏறிவிட்டது. பெரிய போட்டிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

"திங்கட்கிழமையிலேர்ந்து நீ தடை தாண்டலாம்," என்றாள் அம்மா. "நாளைக்குக் கோச்சுக்கு லெட்டர் எழுதித் தரேன்."

அக்கா அலாரத்தை அப்படியே தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"தசை! தசை!" என்று அம்மா பதறியதில் அலாரம் பொத்தென்று கட்டிலில் வந்து விழுந்தாள்.

மறுநாள் பள்ளியில் அறிவியல் டீச்சர் ஒரு விளையாட்டு வைத்தார். எல்லாரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். முப்பது விநாடி ஆனதாகத் தோன்றும்போது கையைத் தூக்க வேண்டும். ஒருவன் பதினாறில் தூக்கினான். இன்னொருத்தி ஐம்பது தாண்டியும் தூக்கவில்லை. அவள் தூங்கிவிட்டது அப்புறம்தான் தெரிந்தது. அலாரம் மட்டும் மிகச் சரியாக முப்பதில் தூக்கினாள்.

தலை கால் புரியாத சந்தோஷத்தோடு வீட்டுக்கு வந்தாள். தன் திறமையைத் தானே இன்னொரு முறை பார்த்து ரசிக்க ஆசை. அம்மாவின் போனில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு, மடியில் வைத்துக்கொண்டாள்.

டிரைவர் மாமாவுக்கு முப்பது எண்ணினாள். போன் முப்பத்தொன்று காட்டியது.

அடுத்து அக்கா, இடது காலால் திண்டின் மேல் ஏறி நின்றாள். பத்து வரைக்கும் அசையாமல் நின்ற கால் அப்புறம் கிடுகிடுவென்று நடுங்கத் தொடங்கியது. அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"பதினாறு, பதினேழு, பதினெட்டு... இருபத்தொம்பது, முப்பது, முடிஞ்சது!"

போன் பத்தொன்பது காட்டியது.

போனில்தான் கோளாறு என்று நினைத்து, இன்னொரு முறை எண்ணிப் பார்த்தாள். இந்த முறை பதினெட்டு.

அலாரம் ஸ்டாப்வாட்சை நிறுத்தினாள். வேண்டுமென்று செய்யவில்லை. அக்காவின் கால் நடுங்கினால் போதும், அவள் நாக்கு தானாகவே ஓட்டம் பிடித்திருக்கிறது. நோட்டில் இருக்கும் அத்தனை முப்பதும் பொய். சொன்னால் அக்கா தன்னோடு பேசவே மாட்டாள். சொல்லாவிட்டால் திங்கட்கிழமை தடையைத் தாண்டி இறங்கும்போது அதே தசை மறுபடி இழுத்துக்கொள்ளும்.

அம்மா மேஜையில் உட்கார்ந்து லெட்டரை எழுதி முடித்திருந்தாள். கையெழுத்துத்தான் பாக்கி.

"அம்மா, கையெழுத்துப் போடாத!"

"ஏன்?"

"நான் எண்ணினது முப்பது இல்லம்மா. பத்தொம்பதுதான்."

"விளையாடாத," என்றாள் அக்கா.

அலாரம் போனை நீட்டினாள். டிரைவர் மாமாதான் முதலில் வாயைத் திறந்தார்.

"அப்ப எனக்கு?"

"முப்பத்தொண்ணு, மாமா."

"அடிப்பாவி! அவங்களுக்குப் பத்தொம்பது, எனக்கு முப்பத்தொண்ணா?"

யாரும் சிரிக்கவில்லை. அவர் மெல்லத் தோளைத் தடவிக்கொண்டே வெளியே போய்விட்டார்.

"ஏன் இப்படிப் பண்ணின?" என்று கேட்டாள் அக்கா.

"உங்க கால் நடுங்கிச்சு. எனக்குப் பாக்க முடியல."

"மைதானத்துல எனக்கு யாரு வேகமா எண்ணுவாங்க?"

அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள்.

அலாரம் எலும்புக்கூட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதாள். அம்மா நோட்டை எடுத்து முப்பதுகளை ஒவ்வொன்றாக அடித்தாள். அடித்து முடித்ததும் பேனாவை மூடினாள்.

"ஒரு தடவையாவது நான் மணி பாத்திருக்கணும். தப்பு எம்மேலயும்தான்," என்றாள். "அழுது முடிச்சதும் அந்தத் திண்டைத் துடைச்சு வை."

அலாரம் அழுது முடித்தாள், திண்டையும் துடைத்து வைத்தாள்.

மறுநாள் அக்கா வந்தாள். அலாரத்தின் பக்கம் திரும்பவே இல்லை. இந்த முறை அம்மாவே ஸ்டாப்வாட்சைப் பிடித்துக்கொண்டாள். பதினெட்டு. மறுபடி பதினேழு. அக்காவின் முகம் சுருங்கிக்கொண்டே போனது.

முக்காலியில் உட்கார்ந்திருந்த அலாரத்தின் வாய்க்கு இப்போது வேலை இல்லை. அதனால் கண்ணுக்கு வேலை வந்தது. முதல் முறையாக அவள் அக்காவின் காலை விட்டுவிட்டு மற்ற இடங்களைப் பார்த்தாள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. நெஞ்சு அசையவே இல்லை.

"அக்கா, நீங்க மூச்சே விடல."

"மூச்சு விடாமத்தான் உங்கிட்ட பேசிட்டிருக்கேனா?" அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"இப்ப விடறீங்க. திண்டுல நிக்கும்போது தம் கட்டிடறீங்க. கால் அதுக்கப்புறம்தான் ஆடுது." அலாரம் முக்காலியிலிருந்து இறங்கினாள். "நீங்களே எண்ணுங்கக்கா, சத்தமா. எண்ணிக்கிட்டே தம் கட்ட முடியாது."

அக்கா தம் கட்டிக்கொண்டு எண்ண முயன்று பார்த்தாள். "க்" என்று ஒரு சத்தம்தான் வந்தது. சிரிப்பு வந்துவிடப் போகிறதே என்று சட்டென்று வாயை மூடிக்கொண்டாள்.

அம்மா மகளை ஒரு முறை பார்த்தாள். "முதல்ல பெல்ட்டைப் போட்டுப் பாப்போம். படு," என்றாள்.

அக்கா படுத்து, காலைத் தூக்கி எண்ணத் தொடங்கினாள். எண்ண எண்ண மூச்சும் தானாக வெளியே வந்தது. பதினைந்தில் தசை கொஞ்சம் இளகியது. இருபத்தைந்தில் கால் நேற்றைவிட இரண்டு விரற்கடை மேலே போயிருந்தது. அப்புறம் திண்டில் ஏறினாள். சத்தமாக எண்ணிக்கொண்டே இருபத்திரண்டு விநாடி நின்றாள். அம்மா அந்த இருபத்திரண்டை நோட்டில் எழுதினாள்.

அன்றைக்குப் போகும்போது அக்கா வாசலில் நின்றாள்.

"நாளைக்கும் இருப்பல்ல?"

"இருப்பேன்க்கா."

அதற்கப்புறம் எட்டு நாள் அந்த வீட்டில் அக்காவின் எண்ணும் சத்தம்தான். டிரைவர் மாமாவும் தன்னுடையதைத் தானே எண்ண ஆரம்பித்தார். அவர் பன்னிரண்டுக்கு அப்புறம் நேராக இருபதுக்குப் போவதை அம்மா இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டாள்.

ஒன்பதாம் நாள் பரீட்சை. வலது கால் முப்பத்து மூன்று விநாடி நின்றுவிட்டது. இடது காலும் முப்பது நின்றால்தான் லெட்டர். அம்மா ஸ்டாப்வாட்சை அலாரத்தின் கையில் கொடுத்தாள்.

அக்கா இடது காலால் ஏறினாள். நிமிர்ந்து நின்று எண்ணினாள். இருபதுக்கு மேல் கால் லேசாக ஆடியது. குரல் வேகம் பிடித்தது.

"...இருபத்தெட்டு, இருபத்தொம்பது, முப்பது!"

காலைக் கீழே வைத்துவிட்டு, முகமெல்லாம் பல்லாக அலாரத்தைப் பார்த்தாள்.

அலாரம் ஸ்டாப்வாட்சைப் பார்த்தாள். முப்பது என்று சொல்லிவிட மனசு துடித்தது.

"இருபத்தேழுதான்க்கா," என்றாள்.

அக்காவின் பல்லெல்லாம் உள்ளே போயிற்று. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"உன் வியாதி எனக்கும் ஒட்டிக்கிச்சு! நல்லவேளை நீ பாத்த. இன்னொரு தடவை நிக்கட்டுமா மேடம்?"

"ரெண்டு நிமிஷம் உக்காந்துட்டு நில்லு," என்றாள் அம்மா.

இரண்டு நிமிஷம் கழித்து அக்கா ஏறினாள். இந்த முறை ஒவ்வொரு எண்ணையும் நிதானமாகச் சொன்னாள். முப்பது வந்தது. காலை வைக்கவில்லை. முப்பத்தொன்று, முப்பத்திரண்டு என்று போய், முப்பத்தாறில்தான் இறங்கினாள்.

"ஸ்டாப்வாட்சுல முப்பத்தஞ்சு!" என்று அலாரம் போட்ட கத்தலில் அம்மா பேனாவைத் தவறவிட்டாள். குனிந்து எடுத்துக் கையெழுத்துப் போட்டாள்.

போட்டி நாளன்று அம்மாவும் அலாரமும் மைதானத்துப் படிகளில் உட்கார்ந்திருந்தார்கள். விசில் ஊதியதும் எட்டுப் பேர் பாய்ந்தார்கள். பத்துத் தடைகள். அக்கா ஒவ்வொன்றையும் தாண்டி இறங்கும்போது அலாரம் அம்மாவின் கையை இறுக்கினாள். பத்தாவது தடையில் அம்மா, "நகம்டி!" என்று கத்தியேவிட்டாள்.

அக்கா நான்காவதாக வந்தாள். மெடல் இல்லை. மூச்சு வாங்க, வியர்வை சொட்டச் சொட்ட, நேராக இவர்களிடம் வந்தாள்.

"நாலாவது! போன வருஷம் ஏழாவதா வந்தேன், தெரியுமா? மூணாவதா வந்தவளை இதோ, இத்தனூண்டுல விட்டுட்டேன்!"

"அதெல்லாம் இருக்கட்டும். கால் எப்படி இருக்கு?" என்று கேட்டாள் அம்மா.

அக்கா ஒன்றும் புரியாமல் விழித்தாள்.

"எந்தக் கால் மேடம்?"

அம்மா ஒரு நொடி அவளையே பார்த்தாள். பிறகு பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சத்தமாகச் சிரித்தாள். இத்தனை வாரமாக அம்மா கேட்க ஆசைப்பட்ட பதில் அதுதான் என்று அலாரத்துக்குத் தெரிந்திருந்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள்.