பதினேழாம் நம்பர் வில்லை

கையில் மருந்துச் சீட்டு இல்லாமல் மருந்துக்கடைக்கு வருபவர்கள் பெரும்பாலும் அக்காவைத் தேடித்தான் வருவார்கள். தையல்காரம்மாவும் அப்படித்தான் வந்தார். ஒரு துணிப்பையை மார்போடு அணைத்தபடி, "சங்கிலி அக்கா இருக்காங்களா?" என்று கேட்டார்.

மருந்துக்கடைக்காரரின் அக்கா முப்பத்தொரு வருடம் சர்வேயராக இருந்தவர். அளவுச் சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறாத மேடில்லை. ஓய்வு பெற்ற பிறகு, யாருக்கும் பிடிபடாத விஷயம் என்றால் ஊரார் அவரிடம் கொண்டுவந்தார்கள். தம்பிக்கு அதில் ஏகப் பெருமை. கேட்காமலே துணைக்கு நிற்பார். கேட்காமலே கொலைகாரனையும் சொல்லிவிடுவார். இதுவரை ஒருதடவைகூடச் சரியாகச் சொன்னதில்லை.

அக்கா அலமாரிக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். "உட்காருங்கம்மா. கேள்விப்பட்டேன். வந்து பார்க்க முடியலை."

தையல்காரம்மாவின் கணவர் ஏரிக்கரைக் காட்டின் பாதைக்காவலர். பத்தொன்பது நாளுக்கு முன், மழையில், அருவிக்கு மேலே இருக்கும் பாறை விளிம்பிலிருந்து விழுந்து இறந்துபோனவர்.

"தவறி விழுந்தாருன்னு போலீஸ்ல எழுதிட்டாங்க. ஊர்ல வேற மாதிரி பேசறாங்க. அவர் போனப்ப காட்டுல ஒரு ஆள் கிடையாதாம். கொட்டுற மழையில, வேலை இல்லாத இடத்துக்கு, இருபத்திரண்டு வருஷமா நடந்த மனுஷன் ஏன் போகணும்? தானாத்தான் விழுந்தாருங்கறாங்க." அவர் குரல் உடைந்தது. "அன்னைக்குக் காலையில சண்டைக்கா. தினமும் கடைசி ஆள் திரும்புற வரைக்கும் உட்கார்ந்துட்டு லேட்டா வருவாரு. 'அந்தக் காட்டையே கட்டிக்கிட்டிருக்கலாமே, இந்த வீட்டுக்கு எதுக்கு வர்றீங்க'ன்னு கேட்டுட்டேன். பதில் பேசாம போயிட்டாரு. அதுதான் நான் அவர்கிட்ட சொன்ன கடைசி வார்த்தை. என் வாய்தான் அவரைக் கொன்னுச்சா? எனக்கு அது மட்டும் தெரியணும்."

அக்கா பையைக் காட்டி, "அவரோட பொருளா?" என்றார்.

போலீஸ் திருப்பிக் கொடுத்தவை மேசையில் வந்தன. தண்ணீரில் ஊறிச் செத்துப்போன கைபேசி. விசில் ஒன்று, அதன் கயிற்றில் கை நுழையும் அளவுக்குச் சுருக்கு. "மணிக்கட்டுல இறுக்கிக் கட்டியிருந்துச்சாம்" என்றார் தையல்காரம்மா. ஒரு சுடுநீர்க் குடுவை, மூடி நசுங்கியது. கடைசியாக இரண்டு மழைக்கோட்டுகள். ஒன்று கிழிந்திருந்தது. இன்னொன்று மடித்த மடிப்புக் கலையாமல் இருந்தது.

"இது?"

"முதுகுப்பையில இருந்துச்சாம்."

அக்கா அந்த இரண்டாவது கோட்டைப் பிரிக்காமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னைக்கு அவரோட காவல் குடிசைக்கு முதல்ல போனது யாரு?"

"என் தம்பிதான். ஆறு மணி ஆகியும் வரலைன்னு அவனுக்குத்தான் போன் பண்ணினேன். படகு ஓட்டறானே, அவன். ராவெல்லாம் தேடினான். காலையில அவன்தான் பார்த்தான். அன்னையிலருந்து அவன்தான்கா எனக்கு எல்லாம். விடிஞ்சா வந்து நிக்கிறான். நான் சாப்பிட்டாத்தான் அவன் சாப்பிடறான்."

மறுநாள் காலை அக்காவும் தம்பியும் பாதைக்குக் கிளம்பினார்கள். பாதையின் தொடக்கத்தில் காவலர் குடிசை. உள்ளே ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு தொலைபேசி. சுவரில் இருபத்துநான்கு ஆணிகள். ஒவ்வொன்றிலும் சிவப்பு நூலில் கோத்த எண்ணிட்ட பித்தளை வில்லை. காட்டுக்குள் போகிற ஒவ்வொருவரும் ஒன்றை வாங்கிக்கொள்ள வேண்டும். திரும்பும்போது கொடுக்க வேண்டும். வெற்று ஆணி இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். காவலர் இறந்த பிறகு பாதையை மூடியிருந்ததால் எதையும் யாரும் தொடவில்லை. இருபத்துநான்கும் அந்தந்த ஆணியில் தொங்கின.

"பார்த்தியாக்கா, எல்லாரும் திரும்பிட்டாங்க. அப்ப உள்ளே இருந்தது வில்லை வாங்காத ஆளு. மரம் திருடறவன். இவர் பார்த்துட்டாரு, அவன் தள்ளிட்டான். முடிஞ்சுது!"

"திருடனுக்கு மழைக்கோட்டு எடுத்துட்டுப் போனாரா?" என்றார் அக்கா.

அக்கா வில்லைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பதினேழாவதில் விரல் நின்றது. மற்ற நூலெல்லாம் வெயிலில் வெளிறிய சிவப்பு. இது கறுத்துப் பிசுபிசுத்தது. முகர்ந்துவிட்டுத் தம்பியிடம் நீட்டினார். டீசல்.

அங்கிருந்து மூன்று மைல். ஒரு பக்கம் மரங்கள், மறுபக்கம் இலைகளுக்கு இடையே விட்டுவிட்டு மின்னும் ஏரி. ஒவ்வொரு திருப்பத்திலும் காவலர் கையால் இட்ட மஞ்சள் அம்பு. கடைசி ஏற்றத்தில் தம்பிக்கு மூச்சு வாங்கியது. மேலே போனதும் இரைச்சல் காதை அடைத்தது. விளிம்பில் ஒரே ஓர் இடத்திலிருந்துதான் அருவி விழும் பள்ளம் முழுவதும் தெரியும். அந்த இடத்தில் பாசியில் சறுக்கிய தடம் இன்னும் பாறையில் இருந்தது.

"இங்கே படுத்து எட்டிப் பார்த்தா, கீழே யாராவது விழுந்து கிடக்காங்களான்னு தெரியும்" என்றார் அக்கா.

அருவிக்குக் கீழே ஒரு சின்னப் படகுத்துறை. அங்கே ஒரு பலகை: 'நடக்க முடியாதவர்கள் படகில் திரும்பலாம். வில்லையைப் படகோட்டியிடம் கொடுக்கவும். அவர் குடிசைக்குத் தொலைபேசியில் தெரிவிப்பார்.'

தையல்காரம்மாவின் தம்பியான படகுக்காரர் அங்கேதான் இருந்தார். நாற்பது வயதுக்காரர் பத்தொன்பது நாளில் ஐம்பது ஆகியிருந்தார். அக்கா மெதுவாகப் பேச்சை ஆரம்பித்தார். "உங்க மாமா யாரையோ தேடித்தான் மேலே போயிருக்காருன்னு எனக்குத் தோணுது."

"யாரைத் தேடணும்? வில்லை எல்லாம் ஆணியில இருந்துச்சே. நானே பார்த்தேன். அன்னைக்கு எந்தப் பொண்ணும் தொலைஞ்சு போகலையே." அவர் படகின் கயிற்றை அவிழ்த்து, மறுபடி கட்டினார்.

"உங்களுக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை உண்டா?"

"எட்டு மாசமா இல்லை. போன்ல வில்லை நம்பரைச் சொல்லி வச்சுடறதோட சரி. படகுல அளவுக்கு மேல ஆள் ஏத்தறேன்னு ஏரி ஆபீஸ்ல எழுதிக் கொடுத்துட்டாரு. சொந்த மச்சினன்னுகூடப் பார்க்கலை. ரெண்டு வாரம் படகை நிறுத்திட்டாங்க." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கடைக்குத் திரும்பி வந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் அக்கா கேட்டார். "அன்னைக்கு மழை நேரத்துல கடைக்கு யார் வந்தா? யோசிச்சுச் சொல்லு."

தம்பி யோசித்தார். "மழையில யாரு வருவா? ஒரே ஒரு வெளியூர்ப் பொண்ணு வந்துச்சு. கணுக்கால் பிசகி நொண்டிக்கிட்டு. பட்டை சுத்தி விட்டேன். படகுல இறங்கி நேரா இங்கதான் வர்றேன்னு சொல்லிச்சு. மழை விடற வரைக்கும் அந்த பெஞ்சுலதான்..." சொல்லச் சொல்ல அவர் முகம் வெளுத்தது. "அக்கா. அப்ப மணி நாலு. டீ வாங்கிக் கொடுத்தேன்."

"நாலு மணிக்குத்தான் அவர் குடிசையிலருந்து கிளம்பினாரு. போலீஸ்ல எழுதியிருக்கு."

கண்டுபிடித்துவிட்டோம் என்று எப்போதும் துள்ளும் தம்பியின் மனசு அன்று துள்ளவில்லை. "இதைச் சொல்லணுமாக்கா?" என்று கேட்டார். "அந்தம்மாவுக்கு இருக்கறது ஒரே தம்பி."

"அவங்க கேட்டது அவங்க புருஷனைப் பத்தி. பாதியை மட்டும் சொன்னா மீதியை ஊர் சொல்லும்."

மாலையில் தையல்காரம்மாவின் வீட்டு முன்னறையில் நால்வரும் உட்கார்ந்தார்கள். தையல் இயந்திரத்தின் மேல் பாதி தைத்த சட்டை ஒன்று கிடந்தது. படகுக்காரர் கதவோரம் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"முதல்ல உங்க கேள்விக்குப் பதில்" என்றார் அக்கா. "சாகப் போறவர் விசிலை மணிக்கட்டுல கட்டிக்க மாட்டார். சுடுதண்ணி எடுத்துட்டுப் போக மாட்டார். இன்னொருத்தருக்கு மழைக்கோட்டு மடிச்சு வைக்க மாட்டார். யாரையோ கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தேடியிருக்கார். குளிர்ல நடுங்கற ஒருத்தரைக் கூட்டிக்கிட்டு வீட்டுக்கு வரணும்னுதான் போயிருக்கார். நீங்க காலையில சொன்னதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை."

தையல்காரம்மா முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. பிறகு நிமிர்ந்து கேட்டார்: "யாரைத் தேடினாரு?"

"பதினேழாம் நம்பர் வில்லை வாங்கின ஒரு பொண்ணை. அந்தப் பொண்ணு கால் பிசகிப் படகுல திரும்பிடுச்சு. முறைப்படி வில்லையைக் கொடுத்துட்டுத்தான் போச்சு. அந்த வில்லையோட நூல்ல டீசல் இருக்கு. நடக்கிறவங்க கையில டீசல் ஏது? படகு ஓட்டறவர் பையிலதான் அது இருந்திருக்கு. சாயங்காலம் குடிசைக்கு முதல்ல போனவர் ஆணியில மாட்டியிருக்கார்." அக்கா படகுக்காரரைப் பார்த்தார். "தேடப்பட்டது ஆணா பொண்ணான்னு நான் சொல்லலை. நீங்கதான் பொண்ணுன்னீங்க."

தையல்காரம்மா மெல்லத் திரும்பினார். "என்னடா சொல்றாங்க?"

படகுக்காரர் தலையைத் தூக்கவில்லை. "போன் பண்ணணும்னுதான் எடுத்தேன்கா. கையில எடுத்துட்டு, நான் எதுக்குப் பேசணும்னு வச்சுட்டேன். ஒரு மணி நேரம் காத்துக் கிடக்கட்டும்னு நினைச்சேன். அவ்வளவுதான்கா நினைச்சேன். மழையில கிளம்பிப் போவாருன்னு சத்தியமா நினைக்கலை."

"அவர் உனக்குப் போன் பண்ணியிருப்பாரே" என்றார் தையல்காரம்மா. கணவரை அறிந்தவர் அவர். "ஆள் வரலைன்னா முதல்ல உன்னைத்தானே கேட்டிருப்பாரு."

"பண்ணினாரு."

"எத்தனை தடவை?"

"ரெண்டு தடவை." அவர் கைகளால் தலையைப் பிடித்துக்கொண்டார். "எட்டு மாசம் கழிச்சு அவரா கூப்பிடறாரு. பேரைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். எடுக்கலை. தவிக்கட்டும்னு இருந்தேன். அப்புறம் நீ ஆறு மணிக்குக் கூப்பிட்டப்பதான்... குடிசைக்கு ஓடினேன். காலி ஆணியைப் பார்த்தேன். எனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு. வில்லையை மாட்டிட்டேன்."

மருந்துக்கடைக்காரர் தன் அக்காவைப் பார்த்தார். அவர் கண்களும் நிறைந்திருந்தன. முப்பத்தொரு வருடம் கோடு கிழித்துக் கொடுத்தவர், அன்று எந்தப் பக்கமும் பார்க்காமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊர்ல அவரைப் பத்தி என்னென்னவோ பேசினாங்க" என்றார் தையல்காரம்மா. சத்தம் உயரவில்லை. "நான் பேசினதாலதான் செத்தாருன்னு பத்தொன்பது நாள் உன் மடியில அழுதேன். என் தலையைத் தடவிக்கிட்டு உட்கார்ந்திருந்தியேடா."

படகுக்காரர் நகர்ந்து வந்து தையல்காரம்மாவின் காலைப் பிடித்தார். அவர் காலை இழுத்துக்கொள்ளவும் இல்லை, தம்பியைத் தொடவும் இல்லை.

"நாளைக்குப் போலீஸுக்குப் போய் எல்லாத்தையும் சொல்லு. அவர் பேர்ல பழி இருக்கக் கூடாது. ஆனா அந்தப் பொண்ணோட காதுக்கு இது எட்ட வேண்டாம். அது தன் கடமையைச் செஞ்சுட்டுத்தான் போயிருக்கு." பிறகு தையல்காரம்மா சங்கிலி அக்காவின் பக்கம் திரும்பினார். "அதுக்கு வழி இருக்கா?"

"இருக்கும். நான் பேசறேன்" என்றார் அக்கா.

படகுக்காரர் எழுந்தார். வாசல் வரை போய் நின்றார். "காலையில வரட்டுமாக்கா? நீ சாப்பிட மாட்டியே."

தையல்காரம்மா இயந்திரத்தின் மேல் கிடந்த சட்டையை எடுத்து மடித்தார். மடிப்பு கோணலாகப் போனது. மறுபடி பிரித்து மடித்தார்.

"சோறு ஆக்கி வைக்கிறேன். நீ ஏன் பட்டினி கிடக்கணும்? வாசல்ல வச்சுடறேன், வந்து எடுத்துக்கோ" என்றார். "உள்ளே மட்டும் வராதே. என்னால இப்ப உன் முகத்தைப் பார்க்க முடியலைடா."