காணாமல்போன செல்கள்

"என் தம்பியை நாளைக்கு வீட்டுக்கு அனுப்பறாங்களாம் டாக்டர். பெரிய வியாதி ஒண்ணும் இல்லையாம்!"

செல்களைப் பார்த்து நோய் சொல்லும் டாக்டரம்மாவின் அறையில், உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றாள் அக்கா. ஆறே மாதத்தில் தம்பி பாதி ஆளாகியிருந்தான். சிறுகுடலிலிருந்து மூன்று முறை துளித்துளியாகச் சதை எடுத்தாயிற்று. முதல் தடவை 'போதவில்லை' என்றார்கள். அடுத்த இரண்டிலும் 'வெறும் அழற்சி' என்று கைகழுவிவிட்டார்கள்.

டாக்டரம்மா மூன்று ஸ்லைடுகளையும் மைக்ராஸ்கோப்பில் நிதானமாகப் பார்த்தார். லேப் உதவியாளருக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. ஆஸ்பத்திரி முழுக்க அவளுக்கு 'அவசரம்' என்றே பெயர்.

"முதல் ஸ்லைடு வேற யாரோடதோ மேடம்! அதுல மட்டும் ஒரே ஜாடையில பெரிய பெரிய செல்லு. மத்த ரெண்டுலயும் அப்படி ஒண்ணுகூட இல்ல. மாத்தி வச்சிட்டாங்க!"

"மூணுலயும் குடல் ஒரே மாதிரிதானே தேஞ்சிருக்கு? அவசரப்படாதே." டாக்டரம்மா அக்காவிடம் திரும்பினார். "தம்பி போட்டோ இருக்கா?"

போனில் இருந்த படத்தை அவசரமும் எட்டிப் பார்த்தாள். கைகள் குச்சி குச்சியாக இருந்தன. கன்னம் மட்டும் உப்பியிருந்தது.

"முதல் தடவை எப்போ எடுத்தாங்க?"

"திடீர்னு மயங்கி விழுந்தப்போ. மத்த ரெண்டுக்கும் முன்னாடியே தேதி சொல்லிட்டாங்க."

"தேதி தெரிஞ்சதும் அவருக்கு என்ன குடுத்தீங்க?"

அக்காவின் முகம் வெளிறியது. கைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து வைத்தாள். "எனக்கு வீசிங்குக்கு எழுதிக் குடுத்த ஸ்டீராய்டு. போட்டா நல்லாப் பசிக்கும். டெஸ்டைத் தாங்கணுமேன்னு... திட்டுவாங்கன்னு யார்கிட்டயும் சொல்லல."

"கன்னம் உப்பினதும் இதாலதான். இது அந்தப் பெரிய செல்களைக் கொஞ்ச நாளைக்குக் கரைச்சிடும். அதான் அடுத்த ரெண்டு ஸ்லைடுலயும் காணோம். மறுபடி வந்துடும். இனிமே என்னைக் கேக்காம குடுக்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம்."

மெழுகில் பதித்து வைத்திருந்த முதல் சதையில் நூலளவே மிச்சமிருந்தது. அவசரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைச் சீவிச் சாயமேற்றினாள். கை தவறினால் தம்பி நாளை வெறுங்கையோடு வீட்டுக்குப் போய்விடுவான் என்ற பயம் அவளை உலுக்கியது. மாலையில் விடை தெரிந்தது: சிறுகுடலில் அரிதாக வரும் நிணநீர்ப் புற்றுநோய்.

"இனி வீட்டுக்கு அனுப்ப மாட்டாங்க. குணமாயிடும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா, எதோட சண்டைன்னு தெரிஞ்சிடுச்சு" என்றார் டாக்டரம்மா.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்து உடைந்து அழுதாள். "அவன்கிட்ட யாரு சொல்றது?"

"வியாதியை நான் சொல்றேன். மாத்திரையை நீங்க சொல்லுங்க."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கதவு வரை போனவள் திரும்பி வந்து, மேசைமேல் கிடந்த அட்டையை எடுத்துக்கொண்டு வார்டுக்கு நடந்தாள்.