கரடிக்குள் ஒரு கணவன்

'குழந்தைகளைக் கண்டால் துள்ளிக் குதிப்பாரே... இன்றைக்கு ஏன் சுவருக்குக் கை கொடுக்கிறார்?'

பில் போட்டபடியே கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள் அவள். கொளுத்தும் வெயிலில் பொம்மைக் கடையின் கரடி வேடம். கரடிக்குள் அவள் கணவன்!

தொப்!

கரடி விழுந்தது. குழந்தைகள் கை தட்டின.

"என்னமா நடிக்கிறான்!" ஏசியில் நின்று மெச்சினார் மேனேஜர்.

அவள் ஓடினாள். இரண்டு வாடிக்கையாளர்கள் கைகொடுக்க, கரடியை உள்ளே இழுத்தாள். கரடித் தலையைத் திருகினாள்...

கழலவில்லை!

"இந்தாம்மா!" மேனேஜர் கட்டிங் பிளேயரை நீட்டினார்.

'இது எதற்கு?'

ரோமத்தை விலக்கினாள். பின்கழுத்தில்... இறுக முறுக்கிய கம்பி!

வெட்டித் தலையைக் கழற்றினாள். கணவனின் முகம் அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரமாகச் சுட்டது.

"ஏங்க! நான் யாரு, சொல்லுங்க!"

"டீச்சர்... மணி அடிச்சாச்சா?"

வெயில் மூளைவரை ஏறிவிட்டது!

"ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க சார்!"

"எதுக்கும்மா? ஒரு சோடா குடுத்தா எழுந்துடுவான்."

"புத்தி தடுமாறுறவர் வாயில ஊத்தினா மூச்சுக்குழாய்க்குப் போயிடும். போனை எடுங்க!"

கரடித் தோலை உரித்தாள். வாளி வாளியாகத் தண்ணீர். குளிர்பானப் பெட்டியின் ஐஸ் கழுத்துக்கும் அக்குளுக்கும். அட்டையால் விசிறினாள்... விசிறினாள்...

"ஐயோ, புதுத் தரைம்மா!"

"தரை பொழைச்சுக்கும் சார்."

ஆம்புலன்ஸ் வந்தது. கூட்டத்தில் யாரோ கூப்பிட்டு இன்ஸ்பெக்டரும் வந்தார்.

ஸ்ட்ரெச்சரில் கணவன் கண் திறந்தான். "என்னடி, இப்படி நனைஞ்சிருக்கே?"

'அப்பாடா... டீச்சர் போய் பெண்டாட்டி வந்துவிட்டாள்!'

"கம்பி கட்டினது யாரு?" இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"அவனேதான் சார்!" என்றார் மேனேஜர்.

ஆம்புலன்ஸில் ஒரு காலை வைத்தவள் திரும்பினாள். "அப்போ நான் கம்பியைப் பார்க்கறதுக்கு முன்னாடியே எப்படி சார் பிளேயரை நீட்டினீங்க?"

மேனேஜர் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார்.

"தலையைக் கழட்டிக் கழட்டிக் காத்து வாங்கினான் சார்... வியாபாரம் கெடுதேன்னு..."

இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார்!

மேனேஜர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சரிந்தார்.

"எனக்கும் வெயில் தாக்கிடுச்சு... தலை சுத்துது... நீயே சொல்லும்மா, உனக்குத்தான் அறிகுறியெல்லாம் தெரியுதே! என்னையும் ஆம்புலன்ஸ்ல ஏத்தச் சொல்லு!"

கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அதுதான் அவளுக்கே ஆச்சரியம்.

"இல்ல சார்," மெல்லச் சொன்னாள். "வெயில் தாக்கினா புத்தி குழம்பும். உங்களுக்கு ஜோரா வேலை செய்யுது!"